எதிர்ப்பொருளைத் தேடிப் போன பலூன்கள்



எதிர்ப்பொருள் என்றதும் சினிமாவில் வரும் குண்டு நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் நம் ஊர்ப் பெரிய மருத்துவமனைகளில் பெட் ஸ்கேன் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொருவர் உடம்புக்குள்ளும் எதிர்ப்பொருள் பிறந்து அழிகிறது. ஊசி வழியாகச் செலுத்தும் ஃபுளூரின்-18 சிதையும்போது பாசிட்ரான் வெளிப்படும். அது எலக்ட்ரானின் எதிர்த்துகள். எடை எல்லாம் ஒன்றுதான், மின்சுமை மட்டும் நேர். அது ஓர் எலக்ட்ரானைச் சந்தித்தவுடன் இரண்டும் மறைந்துபோகும்; எதிரெதிர்த் திசையில் பறக்கும் இரண்டு காமாக் கதிர்கள் மிஞ்சும். ஸ்கேன் கருவி பார்ப்பது அந்தக் கதிர்களைத்தான். ஆகவே சினிமாப் பயத்தை வாசலிலேயே விட்டுவிடலாம்.

நான் பேச வந்தது மனிதர் கை படாத எதிர்ப்பொருளைப் பற்றி. விண்வெளியிலிருந்து நம் தலைமேல் ஓயாமல் கொட்டிக்கொண்டிருக்கும் காஸ்மிக் கதிர்களில் அது கொஞ்சம் கலந்திருக்கிறது. எவ்வளவு கலந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்க, ராட்சத பலூன்களில் காந்தங்களைத் தொங்கவிட்டு மனிதர்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டாகப் பாடுபட்டு வருகிறார்கள். அந்தக் கதையில் கிடைத்தவையும் உண்டு, கிடைக்காதவையும் உண்டு. கிடைக்காதவற்றுக்கு நான் கூடுதல் நேரம் ஒதுக்கப்போகிறேன். காரணம், இந்தத் துறையின் மிகக் கடினமான உழைப்பு அங்கேதான் இருக்கிறது.

பலூனுக்கும் காஸ்மிக் கதிருக்கும் உறவு பழையது. 1912 ஆகஸ்ட் 7 அன்று ஆஸ்திரிய இயற்பியலாளர் விக்டர் ஹெஸ் ஹைட்ரஜன் பலூனில் ஏறி, 5,000 மீட்டருக்கு மேலே போனார். கையில் கதிர்வீச்சை அளக்கும் மின்மானிகள். கதிர்வீச்சு தரையிலிருந்து வருகிறது என்றால் மேலே போகப் போகக் குறைய வேண்டும். கூடியது. அப்படியானால் அது மேலிருந்து வருகிறது. இருபத்துநான்கு ஆண்டு கழித்து, 1936-இல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அதைப் பங்கிட்டுக்கொண்டவர் கார்ல் ஆண்டர்சன். பாசிட்ரானைக் கண்டுபிடித்தவர் இவர்தான்.

ஆண்டர்சனின் படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பின்னால் உதவும். பால் டிராக் 1928-இல் எழுதிய சமன்பாட்டில் எலக்ட்ரானோடு சேர்ந்து கேட்காத விருந்தாளியாக இன்னொரு விடையும் வந்து நின்றது. 1931-இல் அவர் துணிந்து, எலக்ட்ரானின் எடையும் நேர்மின்சுமையும் உள்ள துகள் ஒன்று இருக்க வேண்டும் என்று எழுதினார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 2 அன்று கலிஃபோர்னியாவில் ஆண்டர்சனின் முகில் அறையில் ஒரு தடம் பதிவானது. அறையைச் சுற்றிக் காந்தம், நடுவே 6 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு ஈயத் தகடு. தகட்டுக்குக் கீழே தடம் கொஞ்சமாக வளைந்திருந்தது, மேலே அதிகமாக. தகட்டைத் துளைத்த துகள் ஆற்றலை இழந்து கூடுதலாக வளையும். ஆகவே இந்தத் துகள் கீழிருந்து மேலே போயிருக்கிறது. போன திசை தெரிந்தால், வளைந்த பக்கத்தை வைத்து மின்சுமையைச் சொல்லிவிடலாம். நேர்மின்சுமை! ஈயத் தகடு மட்டும் இல்லாவிட்டால், மேலிருந்து கீழே வந்த சாதாரண எலக்ட்ரான் என்றுதான் அதைப் படித்திருப்பார்கள். திசை தெரியாதவனுக்குப் பொருளும் எதிர்ப்பொருளும் ஒன்றுபோலத் தெரியும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். (எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிச் சிதறும் கணக்கை 1930களில் போட்டவர் நம் ஹோமி பாபா. இன்றும் உலகெங்கும் அதை பாபா சிதறல் என்றே சொல்கிறார்கள்.)

புரோட்டானின் எதிர்த்துகளைக் காண 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெர்க்லியில் பெவட்ரான் என்ற துகள்முடுக்கியை அதற்கென்றே திட்டமிட்டுக் கட்டினார்கள். செக்ரேயும் சேம்பர்லினும் எதிர்ப்புரோட்டானைப் பிடித்தார்கள்.

அதை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்க முடியும் என்றால் வானத்திலும் அது உண்டாகிக்கொண்டே இருக்க வேண்டும். நம் பால்வீதியில் விண்மீன்களுக்கு இடையே மெல்லிய ஹைட்ரஜன் வாயு பரவியிருக்கிறது. வேகமாக ஓடும் காஸ்மிக் கதிர்ப் புரோட்டான் அதில் மோதும்போது, ஆற்றல் போதுமான அளவு இருந்தால், ஒரு புதிய புரோட்டானும் ஓர் எதிர்ப்புரோட்டானும் ஜோடியாகப் பிறக்கும். அப்படிப் பிறந்தவற்றை இரண்டாம் தலைமுறை என்று வைத்துக்கொள்ளலாம். அவை எத்தனை இருக்கும் என்று கணக்குப் போட முடியும். அந்தக் கணக்கைவிடக் கூடுதலாக ஒரு கூட்டம் தென்பட்டால், வேறு எங்கிருந்தோ எதிர்ப்பொருள் வருகிறது என்று பொருள். தேடலின் அடிப்படை இவ்வளவுதான்.

இதில் ஒரு வசதி இருக்கிறது. ஜோடியாகப் பிறக்க வேண்டும் என்பதால், மோதும் புரோட்டானுக்குக் குறைந்தது 5.6 கிகா எலக்ட்ரான் வோல்ட் இயக்க ஆற்றல் வேண்டும். அவ்வளவு வேகத்தில் நடக்கும் மோதலில் பிறப்பவை எல்லாம் முன்னோக்கியே தெறிக்கும். மெதுவான எதிர்ப்புரோட்டான் பிறப்பது அரிது. ஆகவே இரண்டாம் தலைமுறை எதிர்ப்புரோட்டான்கள் 2 கிகா எலக்ட்ரான் வோல்ட் அருகே உச்சத்தில் இருந்து, அதற்குக் கீழே சரசரவென்று குறைய வேண்டும். அந்தக் குறைந்த ஆற்றல் பகுதி காலி மைதானம். அங்கே கூட்டம் தெரிந்தால் அது விசேஷம். இதையும் மறந்துவிடாதீர்கள்.

இனி கதை. 1970களில் பெர்க்லியில் லூயி அல்வாரெஸ் வழிகாட்டிய குழு மீக்கடத்திக் காந்தத்தைப் பலூனில் ஏற்றி, ஹீலியம் முதலான அணுக்கருக்களின் எதிர்வடிவங்களைத் தேடியது. கிடைக்கவில்லை. அந்தக் குழுவில் இருந்த ஜார்ஜ் ஸ்மூட் என்ற இளைஞர் பிறகு பெருவெடிப்பின் மிச்ச ஒளியை அளக்கப் போய் 2006-இல் நோபல் பரிசு வாங்கினார். வெறுங்கையோடு திரும்பிய தேடலில் பயிற்சி பெற்றவர் அவர். இதை நம் ஆய்வு மாணவர்கள் கேட்டுவைத்துக்கொள்வது நல்லது.

1979-இல் இரண்டு குழுக்கள் காஸ்மிக் கதிர்களில் எதிர்ப்புரோட்டானைக் கண்டதாக அறிவித்தன. சோவியத் நாட்டில் போகோமோலோவ் குழு. அமெரிக்காவில் ராபர்ட் கோல்டன் குழு. கோல்டனின் கட்டுரையில் உள்ள எட்டுப் பெயர்களில் இரண்டு நம் நாட்டு டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவை: எஸ்.ஏ. ஸ்டீபன்ஸ், ஆர்.ஆர். டேனியல். டேனியல் நாகர்கோவிலில் பிறந்தவர். இருவரும் அதற்கு முன்பே ஹைதராபாதிலிருந்து பலூன்களை ஏற்றிக் காஸ்மிக் எலக்ட்ரான்களை அளந்து பெயர் பெற்றவர்கள். எதிர்ப்புரோட்டானை வானத்தில் முதலில் கண்டவர்கள் வரிசையில் ஒரு நாகர்கோவில்காரர் இருப்பதை நம் பாடப்புத்தகங்கள் ஏன் சொல்வதில்லை என்று எனக்கு ஒரு மனக்குறை உண்டு.

கோல்டன் கண்ட எண்ணிக்கை இரண்டாம் தலைமுறைக் கணக்கைவிடக் கூடுதலாக இருந்தது. சரி, கணக்கில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தால், 1981-இல் பஃபிங்டன் குழு இன்னொன்றைப் போட்டது. அவர்கள் பார்த்தது குறைந்த ஆற்றல் பகுதி, நாம் காலி மைதானம் என்று சொன்ன இடம். அங்கே எதிர்ப்புரோட்டான்கள் ஏராளம் என்றார்கள். இந்தக் குழு காந்தம் எதையும் எடுத்துப்போகவில்லை. எதிர்ப்புரோட்டான் கருவிக்குள் நின்று அழியும்போது தெறிக்கும் துகள்களின் வடிவத்தைப் பார்த்து அடையாளம் கண்டார்கள்.

கோட்பாட்டாளர்களுக்குக் கொண்டாட்டம். எங்கோ எதிர்ப்பொருளாலான விண்மீன் மண்டலம் இருக்கிறது என்றார் ஒருவர். பிரபஞ்சம் பிறந்த கணத்தில் உண்டான சின்னஞ்சிறு கருந்துளைகள் ஹாக்கிங் சொன்னபடி ஆவியாகிக்கொண்டிருக்கின்றன, அவை கக்கும் எதிர்ப்புரோட்டான்கள்தான் இவை என்றார் மற்றவர். கரும்பொருள் துகள்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்போது வருபவை என்பது மூன்றாவது கட்சி. கட்டுரைகள் குவிந்தன. 1987 கோடையில் கனடாவின் பிரின்ஸ் ஆல்பர்ட் என்ற ஊரிலிருந்து லீப், பிபார் என்ற இரண்டு கருவிகள் காந்தங்களோடு தனித்தனிப் பலூன்களில் ஏறின. அதே ஆற்றல் பகுதியைப் பார்த்தன. பஃபிங்டன் சொன்ன கூட்டம் அங்கே இல்லை.

ஆறேழு ஆண்டுக் கோட்பாட்டு உழைப்பு காற்றில் போயிற்று என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்தக் கட்டுரைகள் எதை எங்கே தேட வேண்டும் என்று தெளிவாக எழுதிவைத்தன. தேடுவதற்குத் தகுதியான கருவிதான் அப்போது வந்திருக்கவில்லை.

அந்தக் கருவியின் பெயர் பெஸ். ஜப்பானின் டோக்கியோ பல்கலைக்கழகமும் கேஇகே ஆய்வகமும் அமெரிக்காவின் நாசாவும் இன்னும் சில நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கியது. தலைமை தாங்கியவர் ஷுஜி ஒரிட்டோ. காந்தத்தைக் கட்டியவர் அகிரா யமமோட்டோ. ஜெனீவாவில் ஹிக்ஸ் துகளைக் கண்ட அட்லஸ் கருவியின் மைய மீக்கடத்திக் காந்தத்திலும் இவருடைய கைவேலை இருக்கிறது.

இப்படி ஒரு காந்தத்தைக் கட்டுவதில் என்ன கஷ்டம்? துகளின் பாதை வளைய வேண்டுமானால் வலுவான காந்தப்புலம் வேண்டும். பெஸ்ஸின் புலம் 1 டெஸ்லா. அதற்குச் சுருளில் பெரும் மின்னோட்டம் ஓட வேண்டும். மீக்கடத்தியாக இருந்தால்தான் சூடாகாது. மீக்கடத்தியாக இருக்க திரவ ஹீலியத்தில் குளிர வேண்டும். இதெல்லாம் தரையில் செய்தது போலத்தான். ஆனால் இங்கே துகள்கள் அந்தச் சுருளின் சுவரைத் துளைத்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். சுவர் தடிமனாக இருந்தால் மெதுவான எதிர்ப்புரோட்டான் அங்கேயே மாட்டி அழிந்துவிடும். நாம் தேடுவதோ மெதுவானவற்றை. எனவே வலுவும் வேண்டும், சுவர் இருப்பதே தெரியவும் கூடாது. அலுமினியக் கலவையில் மீக்கடத்தி இழைகளைப் பதித்து இதைச் சாதித்தார்கள். மொத்தக் கருவியின் எடை ஏறத்தாழ இரண்டு டன்.

துகள் உள்ளே வந்ததும் மூன்று கேள்விகள் கேட்கப்படும். எந்தப் பக்கம் எவ்வளவு வளைந்தாய்? இதற்குப் பதில் சொல்வது, கரியமில வாயு நிரம்பிய அறையில் கட்டியிருக்கும் மெல்லிய கம்பிகள். துகள் போன வழியெல்லாம் வாயு மின்சுமை பெறும், கம்பிகள் அதை உணரும். அடுத்த கேள்வி, மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு எவ்வளவு நேரத்தில் வந்தாய்? ஒளி வேகத்தில் வந்தால் சில நானோநொடிதான் ஆகும். அதை நொடியின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவுக்குத் துல்லியமாக அளந்தார்கள். வேகமும் வளைவும் தெரிந்தால் எடை தெரியும். எடை தெரிந்தால் இது எலக்ட்ரானா மியூவானா எதிர்ப்புரோட்டானா என்பது தெரியும். மூன்றாவதாக, ஏரோஜெல் என்ற மிக லேசான சிலிக்காப் பொருள். அதன் வழியே எல்லை மீறிய வேகத்தில் போகும் துகள் நீல ஒளி வீசும். எலக்ட்ரானும் மியூவானும் வீசும், அதே உந்தத்தில் வரும் கனமான எதிர்ப்புரோட்டான் வீசாது. ஒளி வீசியவற்றைத் தள்ளிவிட்டால் மிஞ்சியதில் தேடலாம்.

ஆண்டர்சனின் ஈயத் தகட்டுப் பிரச்சினை இங்கேயும் வரும். காற்றில் மோதித் தெறித்து, கீழிருந்து மேலே போகும் புரோட்டான் ஒன்று கருவிக்குள் வந்தால், மேலிருந்து வந்த எதிர்ப்புரோட்டான் வளையும் பக்கமே வளையும். புரோட்டான்கள் எத்தனை தெரியுமா? 1 கிகா எலக்ட்ரான் வோல்ட் அருகே ஓர் எதிர்ப்புரோட்டானுக்கு ஒரு லட்சம் புரோட்டான்கள். திசையை ஒரு லட்சத்தில் ஒரு தடவை தப்பாகப் படித்தாலே போதும், கண்டுபிடிப்பு அத்தனையும் பொய்யாகிவிடும். நேரத்தை அவ்வளவு நுணுக்கமாக அளந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

1993-இல் பெஸ் முதல் தடவை பறந்தது. இடம் கனடாவின் மனிடோபா மாநிலத்தில் லின் லேக் என்ற சுரங்க ஊர். கோடையில் அங்கே அடுக்குமண்டலக் காற்று மேற்கு நோக்கி வீசும். பலூனைக் காலி நிலங்களின் மேலே கொண்டுபோய்விடும்.

"ஏன் சார், நம் ஹைதராபாதில்தான் பலூன் தளம் இருக்கிறதே, அங்கே பறக்கவிடக் கூடாதா?" என்று உங்களில் யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. பூமியே ஒரு பெரிய காந்தம். அதன் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது. தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததே அதற்காகத்தான். நடுக்கோட்டருகே காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்திருப்பதால், மின்சுமையுள்ள துகள் அவற்றைக் குறுக்கே கடந்துதான் கீழே வர முடியும். தென்னிந்தியாவில் நேராக மேலிருந்து ஒரு புரோட்டான் காற்றுமண்டலத்தைத் தொட வேண்டுமானால் அதற்குச் சுமார் 16, 17 கிகா எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். ஊட்டியில் காஸ்மிக் கதிர் ஆராய்ச்சி செய்பவர்களுக்கு இது தினசரிப் பாடம். வேகமானவற்றை மட்டும் வடிகட்டித் தரும் இடமாகையால் டேனியலும் ஸ்டீபன்ஸும் எலக்ட்ரான்களை அளக்க அது தோதாக இருந்தது. ஆனால் மெதுவான எதிர்ப்புரோட்டான் நம் வாசலுக்கே வராது. வட, தென் காந்தத் துருவங்களை ஒட்டிய இடங்களில் காந்தக் கோடுகள் செங்குத்தாக இறங்குகின்றன. கதவு திறந்தே இருக்கும். லின் லேக் அப்படிப்பட்ட இடம்.

முதல் பறப்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய எதிர்ப்புரோட்டான்கள்தான் கிடைத்தன. ஆனால் ஒவ்வொன்றின் எடையையும் அளந்து, இது எதிர்ப்புரோட்டான்தான் என்று கையெழுத்துப் போட்டுச் சொல்ல முடிந்தது. 1995-இல் 43. கருவியைத் திருத்தி, 1997-இல் 415. எதிர்பார்த்தபடியே 2 கிகா எலக்ட்ரான் வோல்ட் அருகே உச்சம் தெரிந்தது. பெரும்பாலானவை இரண்டாம் தலைமுறைதான் என்பது அத்தோடு முடிவாயிற்று.

ஆனால் வாலில் ஒரு குறும்பு இருந்தது. 1995, 1997 அளவீடுகளில் குறைந்த ஆற்றல் பக்கம், சரசரவென்று இறங்க வேண்டிய கோடு கொஞ்சம் தயங்கி, தட்டையாக நின்றது. ஆவியாகும் கருந்துளைகளா? எண்ணிக்கை குறைவு என்பதால் ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. பத்திரிகைக்காரர்கள் விரும்பும் கட்டம் இது. அறிவியலாளருக்கோ இதைவிட எரிச்சலான கட்டம் கிடையாது.

இதற்கிடையே சூரியன் குறுக்கிட்டது. சூரியக் காற்றும் அதன் காந்தப்புலமும் மெதுவான துகள்களைத் தள்ளிவிடும். சூரியனின் காந்தத் துருவங்கள் பதினோரு ஆண்டுக்கு ஒரு தடவை தலைகீழாகும். 2000-ஆம் ஆண்டில் அப்படிப் புரண்டது. புரோட்டானும் எதிர்ப்புரோட்டானும் ஒரே எடையில் எதிர் மின்சுமை கொண்டவை. ஆகவே சூரியக் காந்தம் புரளும்போது இரண்டும் வேறுவேறு வழியாக உள்ளே வரும். 1999-இலும் 2000-இலும் பறந்த பெஸ், எதிர்ப்புரோட்டானுக்கும் புரோட்டானுக்கும் உள்ள விகிதம் ஒரே ஆண்டில் குதித்து உயர்ந்ததைப் பதிவுசெய்தது. எதிர்ப்பொருளைத் தேடப் போனவர்கள் சூரியனைப் பற்றி யாரும் அளக்காத ஒன்றை அளந்துகொண்டு வந்தார்கள். அந்த 2000-ஆம் ஆண்டிலேயே ஒரிட்டோ காலமானார்.

வால்குறும்பைத் தீர்க்க வேண்டுமானால் சூரியன் அமைதியாக இருக்கும் காலத்தில், துருவத்தருகே, ஒரு நாளல்ல, பல நாட்கள் பறக்க வேண்டும். அதற்கு ஒரே இடம் அன்டார்க்டிகா.

இந்தப் பலூன்களைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். முழுதாக உப்பினால் கொள்ளளவு பத்து லட்சம் கன மீட்டர் அளவுக்கு வரும். உறை பாலித்தீன், தடிமன் 20 மைக்ரான், காய்கறிக்கடையில் வாங்கத் தடைசெய்திருக்கிறோமே அந்தக் கவரைவிட மெல்லியது. தரையிலிருந்து கிளம்பும்போது உச்சியில் மட்டும் சிறிதளவு ஹீலியம் இருக்கும், மீதி உறை துணிபோலத் தொங்கும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைய, வாயு விரிந்து உறையை நிரப்பும். அடிப்பகுதி திறந்தே இருப்பதால் மிகுதி வாயு வெளியேறிவிடும், பலூன் வெடிக்காது. சிக்கல் ராத்திரியில்தான். வெயில் போனதும் வாயு குளிர்ந்து சுருங்கும், பலூன் இறங்கும், பாரத்தைக் கொட்ட வேண்டும். சில இரவுகளுக்குப் பிறகு கொட்ட ஒன்றும் மிஞ்சாது. அன்டார்க்டிகாவில் டிசம்பர், ஜனவரியில் ராத்திரியே கிடையாது. மேலே காற்றும் துருவத்தைச் சுற்றியே வீசும். பலூனை ஏற்றிவிட்டால் கண்டத்தை வலம் வந்து ஏறக்குறைய கிளம்பிய இடத்துப் பக்கமே திரும்பும்.

அதற்காகக் கருவியை மறுபடி முதலிலிருந்து கட்டினார்கள். பெயர் பெஸ்-போலார். முன்பு துகள் கடக்க வேண்டிய தடை சதுர சென்டிமீட்டருக்கு 18 கிராம் பொருள், இப்போது 4.5 கிராம். காந்தத்தை இன்னும் மெல்லிதாக்கினார்கள். கருவியைச் சுற்றியிருந்த அழுத்தக் கூட்டையே எடுத்துவிட்டார்கள். பேட்டரிக்குப் பதில் சூரியப் பலகைகள். கூட்டை எடுத்ததற்கு விலையும் கொடுத்தார்கள். காற்றில்லா உயரத்தில் உயர்மின்னழுத்தம் கசிந்ததால் 2004 டிசம்பர் 13 அன்று கிளம்பிய முதல் பறப்பில் ஒளியை உணரும் குழாய்கள் பலவற்றை நடுவானிலேயே அணைக்க வேண்டிவந்தது. இருந்தும் எட்டரை நாளில் 1,520 எதிர்ப்புரோட்டான்கள்.

அடுத்து 2007 டிசம்பர் 23. மக்மர்டோ நிலையத்துக்கு அருகே உள்ள பனித் தளத்திலிருந்து இரண்டாம் பறப்பு கிளம்பியது. காந்தம் 24.5 நாட்கள் உயிரோடு இருந்தது. திரவ ஹீலியம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகித் தீர்ந்த அன்றுதான் அளவெடுப்பு நின்றது. அதற்குள் பதிவானவை 470 கோடி நிகழ்வுகள். அவற்றைச் சலித்து எடுத்த எதிர்ப்புரோட்டான்கள் 7,886. சூரியனும் அந்தச் சமயத்தில் அமைதியின் உச்சத்தில் இருந்தது. கருவி மேற்கு அன்டார்க்டிகாவின் பனிமேல் இறங்கியது. அதை முழுதும் மீட்டுக் கொண்டுவர 2010 வரை ஆயிற்று.

விடை 2012-இல் வெளியானது. 1995, 1997 அளவீடுகளைப் போலப் பத்து மடங்குக்கும் மேலான எதிர்ப்புரோட்டான்களை வைத்துப் பார்த்தபோது, கோடு தயங்கவில்லை. இரண்டாம் தலைமுறைக் கணக்கு சொன்னபடியே இறங்கியது. ஆவியாகும் கருந்துளைகளுக்கான தடயம் இல்லை. முன்பு கண்ட தட்டையான வால், எண்ணிக்கை குறைந்த அளவீட்டில் வரும் தற்செயல் ஏற்றத்தாழ்வு என்றே கொள்ள வேண்டும். ஹாக்கிங் சொன்னது பொய் என்று ஆகாது. நம் அக்கம்பக்கத்தில் அத்தகைய கருந்துளைகள் இருந்தாலும் இந்த எண்ணிக்கைக்கு மேல் இருக்க முடியாது என்று வரம்பு கட்டிவிட்டார்கள்.

அதே பறப்புகளில் இன்னொரு தேடலும் நடந்தது. இதுதான் பெரியது. எதிர்ஹீலியம்.

எதிர்ப்புரோட்டான் மோதலில் பிறந்துவிடும். ஆனால் இரண்டு எதிர்ப்புரோட்டானும் இரண்டு எதிர்நியூட்ரானும் ஒரே மோதலில் பிறந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரு எதிர்ஹீலியம் அணுக்கருவாக ஆவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். துகள்முடுக்கியில் அமெரிக்காவின் ஸ்டார் குழு நூறு கோடி மோதல்களைப் பார்த்து 18 எதிர்ஹீலியம்-4 கருக்களைக் கண்டதாக 2011-இல் அறிவித்தது. விண்வெளியின் வாயுவில் அந்த அளவு வாய்ப்புகூட இல்லை. ஆகவே ஒரே ஒரு எதிர்ஹீலியம் வானத்திலிருந்து வந்து விழுந்தாலும், அது பிரபஞ்சத்தின் தொடக்கத்திலிருந்து மிஞ்சியதா, எங்கோ எதிர்ப்பொருள் விண்மீனில் சமைந்ததா என்று கேட்டே தீர வேண்டும்.

பெருவெடிப்பில் பொருளும் எதிர்ப்பொருளும் சமமாகத்தான் பிறந்திருக்க வேண்டும். சமமாக இருந்திருந்தால் எல்லாம் அழிந்து ஒளி மட்டுமே மிஞ்சியிருக்கும். நீங்களும் நானும் இந்த அரங்கமும் கிடையாது. எப்படியோ பொருள் கொஞ்சம் மிஞ்சியது. அதற்கு என்னென்ன நிபந்தனைகள் வேண்டும் என்று 1967-இல் சகாரோவ் எழுதினார். எந்த வழியில் அவை நிறைவேறின என்று இன்றுவரை முடிவாகவில்லை. பொருள் மிஞ்சவேயில்லை, எதிர்ப்பொருள் வேறு மூலையில் ஒதுங்கியிருக்கிறது என்றும் வாதிடலாம். அதைச் சோதிக்கும் நேரடி வழி, ஒதுங்கிய மூலையிலிருந்து ஒரு கரு நம்மிடம் வருகிறதா என்று பார்ப்பதுதான்.

1993 முதல் 2008 வரை பறந்த எல்லாப் பெஸ் பறப்புகளின் ஹீலியம் கருக்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். எதிர்ஹீலியம் ஒன்றுகூட இல்லை. இதை அவர்கள் எழுதிய விதத்தைக் கவனியுங்கள். "இல்லை" என்று எழுதவில்லை. ஹீலியத்துக்கு எதிர்ஹீலியம் 6.9-ஐப் பத்துக்கோடியால் வகுத்த விகிதத்துக்கு மேல் இருக்க முடியாது என்று எழுதினார்கள். நம் கணக்கில் சொன்னால், ஒரு கோடியே நாற்பத்தைந்து லட்சம் ஹீலியத்துக்கு ஒன்று என்ற அளவுகூடக் கிடையாது. அதற்காக ஒரு காந்தத்தைத் துகள் தடையின்றிப் புகும் அளவுக்கு மெல்லிதாக்கி, பனிக்கண்டத்தைச் சுற்றவைத்து, பதினைந்து ஆண்டு பறக்கவிட்டார்கள். உலகில் இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பூஜ்யங்கள் அதிகம் இல்லை. வாங்கியது வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. எதிர்ப்பொருள் மண்டலத்தைக் கற்பனை செய்யும் எந்தக் கோட்பாட்டாளரும் இனி இந்த எண்ணைத் தாண்டிக் குதிக்க முடியாது.

பாசிட்ரான் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது பலூன்களின் கையை விட்டுப் போய்விட்டது. 1994, 1995-இல் ஹீட் என்ற பலூன் கருவி, ஆற்றல் கூடக் கூடப் பாசிட்ரான் விகிதம் குறைய வேண்டிய இடத்தில் கொஞ்சம் மிகுந்திருப்பதாகக் காட்டியது. பலூனுக்கு மேலே சதுர சென்டிமீட்டருக்கு ஐந்து கிராம் அளவு காற்று மிஞ்சியிருக்கும். அந்தக் காற்றிலேயே பாசிட்ரான்கள் உண்டாகும். அவற்றைக் கழிப்பதில் எப்போதும் தகராறு. 2006-இல் பமேலா என்ற விண்வெளிக் கருவியும், 2011-இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சாமுவேல் டிங் குழுவின் ஏஎம்எஸ் கருவியும் ஏறின. ஏற்றம் உண்மை என்று உறுதியாயிற்று. காரணம் கரும்பொருளா, அருகிலுள்ள பல்சார்களா என்று வழக்கு நடக்கிறது. என் வாக்கு பல்சார்களுக்கு. ஏஎம்எஸ் குழு எதிர்ஹீலியம் போலத் தோன்றும் சில நிகழ்வுகளைப் பற்றியும் மேடைகளில் பேசியிருக்கிறது. அது உறுதியான முடிவாக ஆய்விதழில் வரும்வரை பெஸ்ஸின் பூஜ்யத்தை நான் மாற்ற மாட்டேன்.

விண்வெளிக் கருவி வந்த பிறகு பலூன் எதற்கு? விண்வெளி நிலையம் பெரும்பாலும் பூமியின் நடுப்பகுதிக்கு மேலேயே சுற்றுகிறது. மெதுவான துகள்களை அங்கே பூமியின் காந்தம் தள்ளிவிடும். துருவத்துப் பலூனுக்கு அந்தத் தடை இல்லை. அதை நம்பித்தான் அமெரிக்க, ஜப்பானிய, இத்தாலியக் குழுக்கள் சேர்ந்து காப்ஸ் என்ற கருவியை அன்டார்க்டிகப் பறப்புக்கென்றே உருவாக்கின. அதன் முன்மாதிரி 2012-இல் ஜப்பானின் டைக்கியிலிருந்து பறந்து பார்த்தது. இதில் காந்தமே கிடையாது. மெதுவான எதிர்த்துகளைச் சிலிக்கான் தட்டுகளில் நிறுத்தினால், அது எலக்ட்ரானின் இடத்தில் உட்கார்ந்து ஒரு விசித்திர அணுவாகும். கருவை நோக்கிப் படிப்படியாக இறங்கும்போது குறிப்பிட்ட எக்ஸ் கதிர்களை வீசும். கடைசியில் கருவோடு அழிந்து பையான் என்ற துகள்களைத் தெறிக்கவிடும். அந்தக் கையொப்பத்தை வைத்து ஆளைச் சொல்லிவிடலாம்.

காப்ஸ் முக்கியமாகத் தேடுவது எதிர்டியூட்ரானை: ஓர் எதிர்ப்புரோட்டானும் ஓர் எதிர்நியூட்ரானும் சேர்ந்த கரு. குறைந்த ஆற்றலில் இரண்டாம் தலைமுறை எதிர்டியூட்ரான்கள் இல்லை என்றே சொல்லிவிடலாம். கரும்பொருள் உண்மையில் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது என்றால் அங்கே ஒன்றிரண்டாவது தென்பட வேண்டும். இதுவரை காஸ்மிக் கதிர்களில் எதிர்டியூட்ரானைக் கண்டதாக உறுதியான முடிவு எதுவும் இல்லை.

ஒன்று சிக்கினால் மறுநாள் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் வந்துவிடும், நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை. சிக்காமல் போனால் எந்தப் பத்திரிகையும் எழுதாது. ஆய்விதழில் மட்டும் ஒரு கட்டுரை வரும், அதில் ஒரு மேல்வரம்பு எண் இருக்கும். இயற்பியல் படிக்கும் மாணவர்களை நான் கேட்டுக்கொள்வது, அந்தக் கட்டுரையைத் தேடிப்பிடித்து முழுதாகப் படியுங்கள். அந்த எண்ணை எப்படி அடைந்தார்கள் என்று உங்கள் ஆசிரியரிடம் சண்டைபோட்டாவது புரிந்துகொள்ளுங்கள்.  இனி உங்கள் கேள்விகள்.